பாதிப் பூட்டு

என் வெப்சைட்டின் பெயர் ரமணி கிச்சன். பெயரைப் பார்த்தால் மீன் கறி, நண்டு சம்பால், தீபாவளி முறுக்கு என்று நினைப்பீர்கள். எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் மீன் கறிக்காக வருவதில்லை. ஊறுகாய்க்கும் கீழே, சட்டென்று கண்ணில் படாத இடத்தில், நான் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. என்னை அடித்த மனுஷனை விட்டு நான் எப்படி வெளியே வந்தேன், போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும், எந்தக் கவுண்டரில் திருப்பி அனுப்பினாலும் நகராமல் நிற்க வேண்டும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எப்போது எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன்.

கட்டுரைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் யாரும் எனக்கு எழுதலாம். எழுதுகிறவர் தானே ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லைக் கொடுத்தால்தான் என் பதில் திறக்கும். வாட்சாப் கிடையாது, போன் நம்பர் கிடையாது. சந்தேகப்படுகிற புருஷன் முதலில் நோண்டுவது அவற்றைத்தான். நான் வக்கீல் இல்லை, போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆனால் அந்த வழியை நான் நடந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் தாமரை என்று ஒருத்தி எழுதினாள். உண்மைப் பெயர்தானா என்று நான் யாரையும் கேட்பதில்லை.

"அக்கா, நான் ரவாங்ல இருக்கேன். இது ஃபேக்டரில கூட வேலை செய்ற அக்காவோட போன். அவங்க இந்த வாரத்தோட வேலைய விட்டு நிக்கிறாங்க. அப்புறம் எனக்கு வீட்டு வைஃபைதான். என் வீட்டுக்காரர் நெட்வர்க் வேலை செய்றவரு. உங்க வெப்சைட்ல மேல 'நாட் செக்யூர்'னு வருது. அப்படி வந்தா நான் எழுதுறத அவரால படிக்க முடியுமா? முடியும்னா எழுத மாட்டேன். மகளயும் கூட்டிக்கிட்டு வரணும்க்கா. ஒரு தடவ மாட்டுனா அடுத்த தடவ கிடையாது."

படித்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. "நாட் செக்யூர்" என்று இத்தனை நாளாக என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. சமையல் பக்கம்தானே, எவன் வந்து புளிக்குழம்பைத் திருடப் போகிறான் என்று விட்டுவிட்டேன். தெரியாத ஊரில், அடுத்தவள் போனை இரவல் வாங்கி ஒருத்தி கேட்டபோதுதான் புத்தி வந்தது. அவள் பயம் நியாயமானது. பூட்டு இல்லாத வெப்சைட்டில் எழுதுவது தபால் அட்டையில் எழுதுவது மாதிரி. கை மாறுகிற ஒவ்வொருவரும் படிக்கலாம்.

"முடியும். அதனால வீட்டிலிருந்து இப்போ எழுதாதே. மேலே பூட்டுப் படம் வந்த பிறகு எழுது. அதற்கப்புறம் நீ இங்கே வந்து போவது மட்டும்தான் அவருக்குத் தெரியும். சமையல் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன படித்தாய், என்ன எழுதினாய் என்று தெரியாது. பூட்டை நான் போடுகிறேன்." இப்படிப் பதில் எழுதினேன். அந்த ஃபேக்டரி அக்கா போவதற்குள் அவள் அதைத் திறந்து படித்துவிட்டாள் என்று, பதில் திறந்ததும் பெட்டியில் விழுகிற குறியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வாக்குக் கொடுத்தாயிற்று. இனி எனக்குத் தூக்கம் வராது, அப்படிப்பட்ட ஜென்மம் நான்.

என் வெப்சைட் ஓடுவது பிரிக்ஃபீல்ட்ஸில், என் மாமா மகன் சிவநேசனின் கடையில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில். கேமரா, ரௌட்டர், வயர் எல்லாம் மொத்தமாக விற்கிற கடை. சொந்தக்காரி என்பதால் சும்மா இடம் கொடுத்திருந்தான். சும்மா கொடுத்ததால் கவனிக்கவும் மாட்டான். பூட்டு வேண்டும் என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும், "பாக்கலாம்க்கா, அடுத்த வாரம்" என்பான். அவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே படிக்க ஆரம்பித்தேன்.

வெப்சைட்டுக்கு முன்னால் காவல்காரன் மாதிரி நிற்கிற சேவைகள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர் நேராக நம் கம்ப்யூட்டருக்கு வர மாட்டார். இடையில் நிற்கிற அந்தச் சேவையிடம் வருவார். அது நம்மிடம் வந்து வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுக்கும். எஸ்எஸ்எல் சான்றிதழையும், அதாவது அந்தப் பூட்டையும், அதுவே இலவசமாகப் போட்டுத் தரும். பதிந்துகொண்டேன். கேட்ட இடத்திலெல்லாம் "சரி" என்று அழுத்தினேன். ஒரு மத்தியானம் என் போனில் திறந்து பார்த்தால் "நாட் செக்யூர்" காணாமல் போய், அழகாக ஒரு பூட்டு உட்கார்ந்திருந்தது. ஆபீஸ் என்று பார்க்காமல் நாற்காலியிலேயே ஒரு குலுங்கு குலுங்கினேன். "பூட்டு வந்துவிட்டது, இனி தைரியமாக எழுதலாம்" என்று கட்டுரைக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டேன்.

அந்தப் பெருமை மறுநாள் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான்.

மீ கோரேங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே அந்தச் சேவையின் விளக்கப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் "சரி" என்று அழுத்திய பூட்டு வகைக்கு அர்த்தம் அங்கே எழுதியிருந்தது. பார்க்கிறவருக்கும் இடையில் நிற்கிற சேவைக்கும் நடுவில்தான் பூட்டு. அந்தச் சேவையிலிருந்து நம் கம்ப்யூட்டர் வரைக்கும் பூட்டு இல்லை, எல்லாம் திறந்தே போகும். பார்க்கிறவருக்கோ முழுப் பூட்டுதான் தெரியும்.

கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். திறந்தே போகிறது என்றால் எங்கே போகிறது? சிவநேசன் கடைக்கு. அந்தக் கடைக்கு யார் வருகிறார்கள்? கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க வயர் இழுக்கிறவர்கள், ரௌட்டர் மாட்டுகிறவர்கள், நெட்வர்க் வேலை செய்கிறவர்கள். வந்து தே தாரே டீ குடித்துக்கொண்டே லேப்டாப்பைக் கடை நெட்வர்க்கில் செருகிச் சாமானைச் சோதித்துப் பார்ப்பார்கள். ரவாங்கிலிருந்தும் வருவார்கள். தாமரையின் புருஷன் அவர்களில் ஒருவனா? தெரியாது. பெயர் தெரியாது, முகம் தெரியாது. அவள் வீட்டுக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, அவள் எழுதப் போவதை அவன் மாதிரி ஆட்கள் கூடுகிற கடையிலேயே கொண்டுபோய்ப் பரப்பி வைத்திருக்கிறேன். தைரியமாக எழுது என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

முழுப் பூட்டுக்கு வழி இருந்தது. அந்தச் சேவையே நம் கம்ப்யூட்டருக்கும் ஒரு சான்றிதழ் தரும். கூடவே ஒரு சாவியும் தரும். சாவி என்றால் நீளமான ஓர் எழுத்துக் குவியல்தான். இரண்டையும் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, சேவையின் பக்கத்தில் 'கண்டிப்பு' என்ற வகைக்கு மாற்றினால் கடைசி வரைக்கும் பூட்டு. சான்றிதழை வாங்கிவிட்டேன், சாவியும் வந்துவிட்டது. சிவநேசன் அங்கே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பார்க்கவில்லை. அவனைப் பிடிக்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். குடும்ப வாட்சாப் குரூப்பில் போடுவது. அங்கே அவன் அம்மா, பெண்டாட்டி, மாமியார் எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே கேட்டால் ஓடி வருவான். சிங்க் அடைத்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் எங்கள் ஆட்கள் முதலில் அங்கேதான் போடுவார்கள். நானும் எங்கள் ஆள்தானே. "அர்ஜென்ட். நேசன், இத உடனே கம்ப்யூட்டர்ல போடு" என்று எழுதி, சான்றிதழையும் சாவியையும் அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய கையோடு இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் "வாழ்க வளமுடன்" என்றார். அதற்குள்ளாக எனக்கே உறைத்தது. சாவி என்பது யாருக்கும் காட்டக் கூடாதது. எல்லோரிடமிருந்தும் அழித்துவிட்டேன். அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில் ரவாங்கில் இருக்கும் புஷ்பவல்லி அத்தை கூப்பிட்டார்.

"ரமணி, ஏம்மா அழிச்சிட்ட? நான் அனுப்பிட்டேன்மா, கவலப்படாத."

"எங்க அத்த அனுப்புனீங்க?"

"எங்க கோயில் குரூப்புக்கு, அப்புறம் நம்ம தாமான் வீட்டுக்காரங்க குரூப்புக்கு. அர்ஜென்ட்னு போட்டிருந்தியே. ரத்தம் கேக்குறப்ப இப்படித்தான் அனுப்புவோம். அங்கேர்ந்து இன்னும் நாலு பேரு அனுப்பிட்டாங்களாம். யாருக்கும்மா முடியல?"

சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. எங்கள் ஜனங்கள் அப்படித்தான். அர்ஜென்ட் என்ற வார்த்தையைப் பார்த்தால் படிக்க மாட்டார்கள், முதலில் உதவி செய்துவிடுவார்கள். அந்த நல்ல மனசால் என் சாவி ரவாங் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது, தாமரையின் ரவாங் முழுக்க.

"ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல அத்த. நல்லா இருக்காங்க" என்று போனை வைத்தேன். அத்தையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அனுப்பியது நான்.

அடுத்துச் செய்ய வேண்டியதில் எனக்குக் குழப்பமே இல்லை. சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வெப்சைட்டுக்குள் போய் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டேன். "இனி தைரியமாக எழுதலாம்" என்று பெருமையடித்த வரியை அழித்து, அதே இடத்தில் இப்படிப் போட்டேன்: "இன்று எழுதாதீர்கள். பூட்டு சரியில்லை. மேலே தெரிகிற பூட்டு பாதிதான். முழுப் பூட்டு என்று தெரியாமல் சொன்னது என் தப்பு. சரி செய்துவிட்டுச் சொல்கிறேன். ரமணி."

போட்ட பிறகு மனசு அடித்துக்கொண்டது. அவளுக்கு வாய்க்கிற ஒரே நேரம் இன்றைக்குத்தான் என்றால்? திறந்து பார்த்து, இந்த அக்காவும் வாய்ச்சவடால்தான் என்று போய்விட்டால்? மறுபடி வருவாளா? இருந்தாலும் பெட்டியைத் திருப்பி வைக்கவில்லை. அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும். அவள் எழுதுவது அந்தக் கடை வயரில் திறந்து ஓடக் கூடாது.

மறுநாள் எமர்ஜென்சி லீவ் சொல்லிவிட்டு கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மல்லிகைப்பூக் கடைகளையும் கண் தெரியாதவர்கள் நடத்துகிற மசாஜ் கடைகளையும் தாண்டி, சிவநேசன் கடைக்குள் நுழைந்தபோது அவன் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எதையோ சோதித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்தையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். பாவம், ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கலாம். இருந்தாலும் பார்த்தேன்.

"வாக்கா. நீ வரவே வேணாம். குரூப்ல போட்டத நீ அழிக்கறதுக்கு முன்னாடியே நான் எடுத்துட்டேன். காலையிலயே கம்ப்யூட்டர்ல போட்டாச்சு. கண்டிப்பு வகைக்கு மாத்திப் பாரு, சூப்பரா ஓடும்."

மாற்றிப் பார்த்தேன். ஓடியது. சேவையிலிருந்து இந்தக் கடை வரைக்கும் முழுப் பூட்டு, ஒரு தப்பும் காட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை.

"இந்தச் சாவி வேணாம்டா. ரத்து பண்ணணும்."

"ஏன்க்கா? நல்லாத்தானே ஓடுது."

"இதோட நகல் நம்ம புஷ்பவல்லி அத்த கோயில் குரூப்ல இருக்கு."

அவன் சிரித்தான். "ஐயோ அக்கா, அந்த அங்கிள் ஆன்டிங்களுக்கு அது என்னன்னு தெரியுமா? ரத்தம் வேணும்னு நெனச்சிக்கிட்டு இருப்பாங்க லா."

லேப்டாப்காரர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினேன். "அதப் பாத்ததும் தெரியுறவன் ஒருத்தன் ரவாங்ல இருக்கான். அவன் பொண்டாட்டி எனக்கு எழுதப் போறா. அந்தச் சாவிய கையில வச்சிக்கிட்டு, இந்தக் கடை நெட்வர்க்ல வந்து உக்காந்தா, உன் கம்ப்யூட்டர் மாதிரியே நடிச்சி அவ எழுதுறத வாங்கிக்கலாம். முடியுமா முடியாதா, நீயே சொல்லு."

நேசன் சோம்பேறிதான், முட்டாள் இல்லை. ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தான். "கஷ்டம்க்கா. ஆனா முடியாதுன்னு சொல்ல முடியாது."

"அது போதும். எந்திரி."

அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முதலில் கம்ப்யூட்டரின் பாஸ்வர்டைக் கேட்டேன். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுத் தாளைக் காட்டினான். கடை வாசலில் நிற்கிறவர்கூடப் படிக்கலாம். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு பாஸ்வர்ட் வைத்தேன். என்ன வைத்தாய் என்று கேட்டான். சொல்லவில்லை.

பிறகு புதுச் சாவியை அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்தேன். முந்தின ராத்திரி படித்து வைத்திருந்த முறை அது. சாவி பிறந்த இடத்திலேயே இருக்கும், வெளியே வரவே வராது. அதை வைத்துச் சான்றிதழ் கேட்கிற விண்ணப்பம் மட்டும் சேவைக்குப் போகும். அது கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். அனுப்பியது. பழைய சான்றிதழை ரத்து செய்தேன். கோயில் குரூப்பில் இருப்பது இனி வெறும் எழுத்துக் குப்பை.

வெப்சைட்டைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கிலத்தில் ஒரு தப்புச் செய்தி. சான்றிதழ் செல்லாதாம். மறுபடி திறந்தேன், அதே செய்தி. மீன் கறியும் இல்லை, கட்டுரையும் இல்லை, நான் போட்ட எச்சரிக்கையும் இல்லை.

"பாத்தியா, படுத்திடுச்சு" என்றான் நேசன். அவன் குரலில் கேலி இல்லை, பாவப்பட்டுத்தான் சொன்னான். "பழையபடி பாதிப் பூட்டுக்கே மாத்துக்கா. உடனே எந்திரிச்சிரும். நாளைக்கு நிதானமாப் பாக்கலாம். ஒரு நாளுதானே."

"படுத்தா படுக்கட்டும். தொறந்து கெடக்குறதுக்கு இது எவ்வளவோ மேல்."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே அவள் நினைப்புதான். இந்த நேரத்தில் அவள் ரவாங்கில் திறந்து பார்த்து, இந்த ஆங்கிலச் செய்தியைக் கண்டு பயந்து மூடிவிட்டால்? ஒவ்வொரு வரியாகப் படித்தேன். லேப்டாப்காரர்கள் இருவரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "பாஸ், நான் வேணா பாக்கட்டுமா?" என்றார் ஒருவர். "வேணாம்ணே, நன்றி" என்று திரையைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் தெரிந்தது. கம்ப்யூட்டர் இன்னமும் நேசன் காலையில் வைத்த பழைய சான்றிதழைத்தான் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. புதியது இருக்கிற இடத்தை நான் அதற்குச் சொல்லவே இல்லை. ஒரே ஒரு வரி. மாற்றினேன், மறுபடி ஓட விட்டேன்.

மீன் கறி வந்தது. வாய்விட்டு, "வந்துடுச்சுடா!" என்று கத்தினேன். கடைக்கு வந்த ஓர் ஆன்டி திடுக்கிட்டுப் போனார்.

அத்தோடு நிற்கவில்லை. அந்தச் சேவையைத் தவிர வேறு எங்கிருந்து யார் கதவைத் தட்டினாலும் திறக்காதபடி கம்ப்யூட்டரை மாற்றினேன். பூட்டு இல்லாத பழைய முகவரியில் யாராவது வந்தால், தானாகவே பூட்டுள்ள முகவரிக்குத் திருப்பச் சொன்னேன். வெப்சைட்டில் எழுத நான் நுழைகிற பாஸ்வர்டையும் மாற்றினேன். பாதிப் பூட்டு நாளில் அதுவும் திறந்துதான் போயிருக்கும். எல்லாவற்றையும் இரண்டு தரம் சரி பார்த்த பிறகுதான் கட்டுரைக்கு அடியில் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்தேன். எச்சரிக்கையை எடுத்துவிட்டு, "பூட்டு இப்போது முழுப் பூட்டு. நானே சோதித்துப் பார்த்தேன்" என்று மட்டும் எழுதினேன். பெரிய எழுத்தெல்லாம் வேண்டாம் என்று தோன்றியது.

"சாப்பிட்டுப் போக்கா, இன்னிக்கு நான் வாங்கித் தரேன்" என்றான் நேசன். வாழையிலையில் சோறு வாங்கித் தந்தான். பாதியில், "அவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுக்கா, கடைக்குள்ளயே விட மாட்டேன்" என்றான். அவனை நான் சும்மா சோம்பேறி என்று திட்டிக்கொண்டே இருப்பேன். அன்றைக்குத் திட்டவில்லை.

அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சிரம்பானிலிருந்து யாரோ ஒருத்தர் முறுக்கு ஏன் சிவக்கிறது என்று கேட்டிருந்தார், அதற்குக்கூட எனக்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை. அவள் போய்விட்டாள் என்றே முடிவு செய்துகொண்டேன். நான்தான் கதவைச் சாத்தினேன், அவள் வந்த நேரத்தில் சாத்தினேன் என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை ஆபீசில் கோப்பி குடித்துக்கொண்டே திறந்தேன். பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது.

"அக்கா, தாமரை. அன்னிக்கு அவரு வெளிய போன நேரத்துல எழுதலாம்னுதான் தொறந்தேன். எழுதாதீங்க, பூட்டு சரியில்ல, என் தப்புன்னு போட்டிருந்தீங்க. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு மாப்பிள்ள பாத்தப்ப அவரு தங்கமான பையன்னு சொன்னாங்க. மொத அடி விழுந்தப்ப எங்கம்மா, இனிமே சரியாயிடும்னு சொன்னாங்க. எல்லாரும் எனக்கு சரியா இருக்குன்னுதான் சொல்லியிருக்காங்க. சரியில்லன்னு அடி விழறதுக்கு முன்னாடியே சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதனால முடிவு பண்ணிட்டேன். மகளோட பெர்த் சர்ட்டிஃபிகேட்ட எடுத்து வச்சிட்டேன். சனிக்கிழமை அவருக்கு வேலை. நாங்க ரெண்டு பேரும் கொம்யூட்டர்ல வரோம். எங்க எறங்கணும்னு சொல்லுங்க."

கோப்பி ஆறிப்போனது தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினேன்.

"கிள்ளான். ரயில் மாற வேண்டாம், ரவாங்கிலிருந்து நேராக வரும். கதவு திறந்ததும் நான் பிளாட்பாரத்தில் நிற்பேன்."